மாதிரி சொன்ன நேரமும் அளந்த நேரமும் ஒத்துப்போகாதபோது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

பல சர்வர்களில் பரவி இயங்கும் மென்பொருளுக்கும் அதைத் தாங்கும் வலையமைப்புக்கும் செயல்திறன் மாதிரி (இவ்வளவு சுமைக்கு இவ்வளவு நேரம் ஆகும் என்று முன்கூட்டிச் சொல்லும் கணக்கு) கட்டித் தருவதைவிட, யாரோ கட்டிய மாதிரி ஏன் பொய் சொல்கிறது என்று பார்த்துச் சொல்வதே என் வேலையில் பெரும்பகுதியாகிவிட்டது. புகாரின் சொற்கள் ஆளுக்கு ஆள் மாறினாலும் அறிகுறிகள் என்னவோ ஏழெட்டைத் தாண்டுவதில்லை. அவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். ஒவ்வோர் அறிகுறியின் கீழும் செலவில்லாத காரணம் முதலிலும், மாதிரியையோ அமைப்பையோ மாற்றச் செய்யும் காரணம் கடைசியிலும் வரும். இந்த வரிசையைத் தாண்டிக் குதிக்க வேண்டாம். சூத்திரமே தவறாக இருந்ததை நான் மிகச் சில தடவைதான் கண்டிருக்கிறேன். சூத்திரத்துக்குள் போட்ட எண்தான் பெரும்பாலும் தவறு.

எந்த அறிகுறியானாலும் முதலில் போட வேண்டிய இரண்டு கணக்குகள்

முதலாவது, ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதி. அமைப்புக்குள் சராசரியாக எத்தனை கோரிக்கைகள் இருக்கின்றன என்பது, வினாடிக்கு வந்து முடியும் கோரிக்கைகளை ஒரு கோரிக்கை உள்ளே தங்கும் சராசரி நேரத்தால் பெருக்கினால் கிடைப்பதற்குச் சமம். வினாடிக்கு 200 கோரிக்கைகள், ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 0.05 வினாடி என்றால் உள்ளே 10 இருக்க வேண்டும். கண்காணிப்புத் திரை 40 என்று காட்டினால், நேரத்தை அளக்கும் இடத்துக்கு வெளியே எங்கோ 30 கோரிக்கைகள் நின்றுகொண்டிருக்கின்றன. மாதிரியில் குறை தேடுவதற்கு முன் அந்த முப்பதைத் தேடுங்கள்.

இரண்டாவது, பயன்பாட்டுக் கணக்கு; அதாவது சர்வர் எவ்வளவு பங்கு நேரம் வேலையில் இருக்கிறது என்ற கணக்கு. வினாடிக்கு 300 கோரிக்கைகள், ஒவ்வொன்றுக்கும் 2 மில்லிவினாடி சிபியு என்று மாதிரி வைத்திருந்தால் 0.6 கோர் (சிபியுவின் ஒரு செயலகம்) செலவாக வேண்டும். நிஜத்தில் 0.9 கோர் ஓடினால், மீதி 0.3 கோர் செய்யும் வேலை மாதிரியில் எழுதப்படவே இல்லை. பதிவுகளை எழுதுவது, குறியாக்கம், நினைவகக் குப்பை நீக்கம் ஆகியவை வழக்கமாக விடுபடுபவை.

இந்த இரண்டு கணக்கும் சரியாக வந்த பிறகே கீழே படியுங்கள்.

அறிகுறி 1: குறைந்த சுமையில் அச்சாகப் பொருந்துகிறது; சுமை கூடியதும் நிஜ நேரம் மாதிரியை விட்டு எங்கோ போய்விடுகிறது

அதிகமாக வரும் புகார் இதுதான் என்பதால் இதில் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

*சேவை நேரத்தில் சிறு பிழை இருக்கிறதா?* வினாடிக்கு 90 கோரிக்கைகள் வரும் ஒற்றை வரிசையில், சேவை நேரம் (காத்திருப்பு நீங்கலாக ஒரு கோரிக்கையின் வேலைக்கு மட்டும் ஆகும் நேரம்) 10 மில்லிவினாடி என்று வைத்தால் பயன்பாடு 90 விழுக்காடு. ஒன்றிலிருந்து பயன்பாட்டைக் கழித்து, வந்ததால் சேவை நேரத்தை வகுக்கும் எளிய சூத்திரம், காத்திருப்பும் சேர்ந்த மறுமொழி நேரம் 100 மில்லிவினாடி என்று சொல்லும். உண்மையான சேவை நேரம் 10.5 ஆக இருந்திருந்தால் பயன்பாடு 94.5 விழுக்காடு, மறுமொழி நேரம் 191. உள்ளே போட்ட எண்ணில் ஐந்து விழுக்காடு பிசகியதற்கு விடை ஏறக்குறைய இரு மடங்காகிவிட்டது. வினாடிக்கு 30 கோரிக்கைகள் மட்டும் வரும்போது இதே பிழை ஒரு மில்லிவினாடி அளவுக்கே வித்தியாசம் காட்டும். குறைந்த சுமையில் எல்லாம் பொருந்தியதாகத் தோன்றியதற்குக் காரணம் அதுவே. அந்தப் பொருத்தம் எதற்கும் சான்றாகாது. சேவை நேரத்தை ஒரே சுமையில் அளக்காமல், எதிர்பார்க்கும் உச்சத்தின் கால்பங்கு, பாதி, முக்கால் ஆகிய மூன்று நிலைகளிலும் அளந்து, அது நிலையாக இருக்கிறதா என்று பாருங்கள்.

*சர்வர் ஓய்வாக இருக்கிறது, நேரம் மட்டும் ஏறுகிறது என்றால்* மாதிரியில் இல்லாத ஒரு வரிசை இருக்கிறது. முதலில் கனெக்ஷன் பூலை, அதாவது தரவுத்தளத்துக்குத் திறந்துவைத்துப் பகிர்ந்துகொள்ளும் இணைப்புகளின் தொகுப்பைப் பாருங்கள். ஒரு தடவை தரவுத்தளத்தின் சிபியு 35 விழுக்காட்டைத் தாண்டாதபோதே சேவை திணறிக்கொண்டிருந்தது. பூலில் 20 கனெக்ஷன்கள். வினவல் ஒன்றுக்கு 40 மில்லிவினாடி. ஆகவே வினாடிக்கு 500 வரை போகும் என்பது மாதிரியின் கணக்கு. நிரலைத் திறந்து பார்த்தபோது, பரிவர்த்தனையைத் தொடங்கி வினவலை முடித்த பிறகு, கனெக்ஷனைத் திருப்பித் தராமலேயே வேறொரு சேவையை அழைத்து அதன் பதிலுக்காக 100 மில்லிவினாடி காத்திருந்தார்கள். ஆக, கனெக்ஷன் கையில் இருந்த நேரம் 140 மில்லிவினாடி. பூலின் உண்மையான உச்சவரம்பு வினாடிக்கு 143. மாதிரிக்கு வேண்டியது வினவல் ஓடும் நேரமன்று, கனெக்ஷன் பிடிபட்டிருக்கும் நேரம். திரெட் பூல், லாக், செய்தி வரிசையின் நுகர்வோர் எண்ணிக்கை என எல்லாவற்றுக்கும் இதே கேள்விதான்: எவ்வளவு நேரம் வேலை நடக்கிறது என்று கேட்காமல், எவ்வளவு நேரம் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

*பூலும் பெரிதாக இருக்கிறது என்றால்* மாறுபாட்டைப் பாருங்கள். நூற்றில் 90 கோரிக்கைகள் 1 மில்லிவினாடியிலும் 10 கோரிக்கைகள் 91 மில்லிவினாடியிலும் முடிகின்றன என்றாலும் சராசரி 10 மில்லிவினாடிதான். ஆனால் இந்தக் கலவையில் வரிசையில் காத்திருக்கும் நேரம், எளிய சூத்திரம் சொல்வதைவிட நான்கு மடங்குக்கும் சற்று அதிகம். பெரிய அறிக்கை கேட்கும் கோரிக்கைகளும் சின்னஞ்சிறு கோரிக்கைகளும் ஒரே வரிசையில் கலந்து வருகின்றனவா என்று பாருங்கள். கலந்திருந்தால் மாதிரியில் இரண்டு வகையாகப் பிரியுங்கள்; முடிந்தால் அமைப்பிலும் பிரித்துவிடுங்கள்.

*எல்லாம் சரி, இயந்திரங்களைக் கூட்டியும் வேகம் கூடவில்லை என்றால்* பொதுவான ஏதோவொன்றுக்குப் போட்டி நடக்கிறது. ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என இயந்திரங்களைப் பெருக்கி, முடிந்த வேலையை வரைந்து பாருங்கள். கோடு தட்டையானால் லாக் அல்லது பொதுத் தரவுத்தளத்தைச் சந்தேகிக்கலாம். ஓர் உச்சத்துக்குப் பிறகு கோடு கீழே இறங்கினால், இயந்திரங்கள் ஒன்றையொன்று ஒத்திசைத்துக்கொள்வதிலேயே நேரம் போகிறது என்று பொருள். செயல்திறன் ஆய்வாளர் நீல் கன்தரின் விரிவாக்க விதி இந்த வளைவுக்காகவே இருக்கிறது. கோடு இறங்கும் நிலையில் கட்டமைப்பையே மாற்ற வேண்டியிருக்கும் என்பதால், அனுபவமுள்ள செயல்திறன் பொறியாளரை அங்கேயே அழைத்துவிடுவது நல்லது. இன்னொரு சர்வரை வாங்கிப் பார்ப்போம் என்பது இங்கே காசைக் கரியாக்கும் யோசனை.

அறிகுறி 2: சராசரி பொருந்துகிறது, 99ஆம் சதமானம் (நூற்றில் 99 கோரிக்கைகள் முடிந்துவிடும் நேரம்) பொருந்தவே இல்லை

*சோதனைக் கருவி மறைக்கிறதா?* ஒரு கோரிக்கைக்குப் பதில் வந்த பிறகே அடுத்ததை அனுப்பும் கருவி, சர்வர் நின்றுபோன நேரத்தில் தானும் நின்றுவிடுகிறது. வினாடிக்கு 100 கோரிக்கைகள் அனுப்பத் திட்டமிட்டிருக்கையில் சர்வர் ஒரு வினாடி உறைந்தால், பயனர்களில் நூறு பேர் சராசரியாக அரை வினாடி காத்திருப்பார்கள். கருவியின் பதிவிலோ ஒரு வினாடி எடுத்த ஒரே ஒரு கோரிக்கைதான் இருக்கும். இந்தப் பிழைக்கு ஒருங்கிணைந்த விடுபடல் என்று பொருள்படும் ‘கோஆர்டினேட்டட் ஒமிஷன்’ என்ற பெயரை வைத்தவர் கில் டெனே என்ற மென்பொருள் பொறியாளர். அனுப்பிய நேரத்திலிருந்து அளக்காமல், அனுப்பியிருக்க வேண்டிய நேரத்திலிருந்து அளக்கும் கருவிக்கு மாறுங்கள். பாதிப் புகார்கள் இங்கேயே முடிந்துவிடுகின்றன. மாதிரி தவறு என்று வந்தவர் அளவீடு தவறு என்று தெரிந்துகொண்டு போவார்.

*ஒரு கோரிக்கை பல சர்வர்களைத் தொடுகிறதா?* ஒவ்வொரு சர்வரும் நூற்றில் ஒரு தடவை மட்டுமே தாமதிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோரிக்கைக்கு 100 சர்வர்களின் பதிலும் வேண்டுமென்றால், அவற்றில் ஒன்றாவது தாமதிப்பதற்கான வாய்ப்பு 63 விழுக்காடு. அரிதான தாமதம் பயனரிடம் வந்து சேரும்போது வழக்கமான தாமதமாகிவிடுகிறது. மாதிரியில் கிளைகளின், அதாவது இப்படித் தொடப்படும் சர்வர்களின் சராசரியைக் கூட்டியிருந்தால் அதை நீக்கிவிட்டு, கிளைகளில் கடைசியாக வருவதன் நேரத்தைப் போடுங்கள்.

*ஹிஸ்டோகிராமில் தனி மேடு தெரிகிறதா?* சதமான எண்களை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது கண்ணில் படாது. எந்த நேரத்தில் எத்தனை கோரிக்கைகள் முடிந்தன என்று காட்டும் ஹிஸ்டோகிராமாக மறுமொழி நேரங்களை அப்படியே வரைந்து பாருங்கள். தாமதம் இயல்பாகப் பரவியிருந்தால் வளைவு சரிந்துகொண்டே போகும். எங்காவது ஒரு நேரக்கெடு முடியும்வரை ஏதோவொன்று காத்திருந்தால் குறிப்பிட்ட இடத்தில் மேடு எழும். மேட்டின் இடமே அநேகமாகக் குற்றவாளியைக் காட்டிக் கொடுத்துவிடும்.

40 மில்லிவினாடியில் மேடு இருந்தால், லினக்ஸில் டிசிபியின் (தரவைச் சிறு பாக்கெட்டுகளாக அனுப்பி, வந்து சேர்ந்ததற்கு ஒப்புகை பெறும் நெறிமுறை) தாமதித்த ஒப்புகையைச் சந்தேகியுங்கள். இதை ஒருமுறை பாக்கெட் பதிவில் கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. அனுப்பும் நிரல் தலைப்பை ஒரு சிறு பாக்கெட்டாகவும் உடலை இன்னொரு சிறு பாக்கெட்டாகவும் எழுதுகிறது. 1984இல் ஜான் நேகிள் முன்வைத்த விதிப்படி, முதலாவதற்கு ஒப்புகை வரும்வரை இரண்டாவது சிறு பாக்கெட் அனுப்பப்படாமல் நிற்கிறது. பெறுபவரோ, பதில் அனுப்பும்போது சேர்த்தே ஒப்புகையை அனுப்பிக்கொள்ளலாம் என்று காத்திருக்கிறார். பதிவில் முதல் பாக்கெட்டுக்குப் பிறகு 40 மில்லிவினாடி வெறுமை. பிறகு தனியாக ஓர் ஒப்புகை. உடனே இரண்டாவது பாக்கெட். இரண்டு மரியாதைக்காரர்கள் வாசலில் நின்று ‘நீங்கள் முதலில் போங்கள்’ என்று சொல்லிக்கொண்டிருப்பதைப் போன்றது இது. இரண்டு எழுத்துகளையும் ஒன்றாக்குங்கள். இயலாவிட்டால் அந்த சாக்கெட்டில், நேகிளின் காத்திருப்பை அணைக்கும் டிசிபி நோடிலே (TCP_NODELAY) விருப்பத்தை இயக்குங்கள்.

200 மில்லிவினாடிக்குச் சற்று மேலே மேடு இருந்தால் பாக்கெட் தொலைந்து மறு அனுப்பல் நடந்திருக்கிறது. லினக்ஸில் மறு அனுப்பலுக்கான குறைந்தபட்சக் காத்திருப்பு அதுதான். 1 வினாடியிலும் 3 வினாடியிலும் இருந்தால் இணைப்பைத் தொடங்கும் முதல் பாக்கெட்டே தொலைந்திருக்கிறது அல்லது ஏற்கும் வரிசை நிரம்பியிருக்கிறது. 5 வினாடியில் இருந்தால், பெயரிலிருந்து முகவரியைத் தேடும் டிஎன்எஸ் வினவலுக்குப் பதில் வரவில்லை.

100 மில்லிவினாடிக்குச் சற்றுக் கீழே மங்கலான மேடு தெரிந்து, மென்பொருள் கன்டெய்னருக்குள் (வளங்களுக்கு வரம்பு வைத்துத் தனித்து ஓட்டும் சூழல்) ஓடினால், சிபியு வரம்பைப் பாருங்கள். லினக்ஸ் இந்த வரம்பை வழக்கமாக 100 மில்லிவினாடித் துண்டுகளாகவே கணக்கிடுகிறது. ஒரு கோர் வரம்பு வைத்த கன்டெய்னரில் எட்டுத் திரெட்கள் ஒரே நேரத்தில் ஓடினால், 12.5 மில்லிவினாடியிலேயே ஒதுக்கீடு தீர்ந்து மீதி 87.5 மில்லிவினாடி எல்லாமே நிறுத்தப்படும். நிமிடச் சராசரியில் சிபியு ஓய்வாகத் தெரியும். எத்தனை தடவை நிறுத்தப்பட்டது என்ற எண்ணிக்கை கன்டெய்னரின் சிபியு புள்ளிவிவரக் கோப்பிலேயே இருக்கிறது. அது ஏறிக்கொண்டே போனால் வேறெதையும் தேட வேண்டாம்.

அறிகுறி 3: ஒரே தரவு மையத்துக்குள் பொருந்துகிறது, தொலைவிலுள்ள இரண்டு மையங்களுக்கிடையே மாதிரி சொன்ன வேகத்தில் கால்வாசிகூட வரவில்லை

தொடங்கும் முன் ஒரு சொல். 1 கிகாபிட் இணைப்பில், வலையமைப்பின் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப் கருவி 941 மெகாபிட் காட்டினால் அது பழுதன்று. ஈதர்நெட், ஐபி, டிசிபி ஆகியவற்றின் தலைப்புகள் போக மிஞ்சுவது அவ்வளவுதான். மாதிரியில் 1000 என்று எழுதியிருந்தால் மாதிரியைத் திருத்துங்கள்.

*விண்டோ போதுமா?* போய்வரும் நேரம் 80 மில்லிவினாடி உள்ள 1 கிகாபிட் பாதையை நிரப்ப, ஒப்புகைக்குக் காத்திராமல் 10 மெகாபைட் வழியில் மிதக்க வேண்டும். அப்படி மிதக்க அனுமதிக்கும் அளவே விண்டோ. அந்த அளவைப் பெரிதாக்கும் விண்டோ விரிவாக்கம் என்ற விருப்பம் முடக்கப்பட்டு 65,535 பைட்டில் நின்றுவிட்டால், பாதை எவ்வளவு அகலமாக இருந்தாலும் 6.5 மெகாபிட்டைத் தாண்டாது. நடுவிலுள்ள ஏதேனும் ஃபயர்வால் இந்த விருப்பத்தை வெட்டிவிடுகிறதா என்று இணைப்பைத் தொடங்கும் பாக்கெட்டுகளை இரு முனையிலும் ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

*அனுப்புவது சிறிதா?* சிறு பரிமாற்றங்களுக்குப் பாதையின் அகலம் பொருட்டே அன்று. புதிய இணைப்பில் 100 கிலோபைட்டைப் பெற, டிசிபியின் தொடக்கக் கைகுலுக்கலுக்கு ஒரு முறை, குறியாக்கத்துக்கான டிஎல்எஸ் 1.3க்கு ஒரு முறை, அனுப்பும் அளவு பத்துப் பாக்கெட்டில் தொடங்கி ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பதால் தரவுக்கு மூன்று முறை என ஐந்து முறை போய்வர வேண்டும். 80 மில்லிவினாடிப் பாதையில் அது 400 மில்லிவினாடி. அதே 100 கிலோபைட் 1 கிகாபிட் கம்பியில் ஏற ஆகும் நேரம் ஒரு மில்லிவினாடியைவிடக் குறைவு. மாதிரியில் அளவை வேகத்தால் வகுத்துவிட்டு நிறுத்தியிருந்தால் பிழை அதுதான். இணைப்புகளைத் திறந்தே வைத்து மீண்டும் பயன்படுத்துவது, இங்கே மிக மலிவான மருந்து.

*பாக்கெட் தொலைகிறதா?* அனுப்பும் வேகத்தைத் தீர்மானிக்க டிசிபியில் பல வழிமுறைகள் உண்டு. பழைய ரெனோ வகையில், பத்தாயிரத்துக்கு ஒரு பாக்கெட் தொலைந்தாலே இதே 80 மில்லிவினாடிப் பாதையில் ஓர் இணைப்புக்கு 18 மெகாபிட் அளவுதான் கிடைக்கும். க்யூபிக் என்ற வகை இதைவிடச் சற்றுத் தாங்கும். பிபிஆர் என்ற வகை, பாக்கெட் தொலைந்துபோவதை முதன்மையான சமிக்ஞையாகவே எடுத்துக்கொள்வதில்லை. எது ஓடுகிறது என்று அனுப்பும் முனையில் பார்த்து மாதிரியில் எழுதுங்கள்.

*தூரத்தால் வரும் தாமதம் உண்மையிலேயே குறைக்கக்கூடியதா?* கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது; 1000 கிலோமீட்டர் இழைக்குப் போய்வர 10 மில்லிவினாடி ஆகும். அளந்த நேரம் இதற்கு அருகில் இருந்தால் யாரையும் அழைத்துப் பயனில்லை. பல மடங்காக இருந்தால் பாதை சுற்றிப் போகிறது. அதையும் பாக்கெட்டுகள் தொலைந்துபோவதையும் சரிசெய்ய வேண்டியவர் இணைப்பு வழங்குநர்.

அறிகுறி 4: இணைப்பு முப்பது விழுக்காடே நிரம்பியிருக்கிறது, ஆனாலும் பாக்கெட்டுகள் தொலைகின்றன

ஐந்து நிமிடச் சராசரியை வைத்துக்கொண்டு வரிசை மாதிரிக்கு உள்ளீடு கொடுத்திருக்கிறீர்கள். ஒரு சேவை 32 சர்வர்களிடம் ஒரே கணத்தில் கேட்க, ஒவ்வொன்றும் 64 கிலோபைட்டைத் திருப்பி அனுப்பினால், 2 மெகாபைட் ஒரே ஸ்விட்ச் போர்ட்டை (சர்வர்களை இணைக்கும் கருவியின் ஒரு வாயிலை) நோக்கிப் பாய்கிறது. 10 கிகாபிட் போர்ட் அதை வெளியேற்ற 1.7 மில்லிவினாடி போதும். அதனால் எந்தச் சராசரியிலும் இது தெரியாது. அந்தக் கணத்தில் போர்ட்டின் பஃபர் (பாக்கெட்டுகள் காத்திருக்கும் நினைவகம்) போதாவிட்டால் மிச்சம் கீழே விழும். பிறகு அறிகுறி 2இல் சொன்ன 200 மில்லிவினாடி மேடு எழும்.

ஸ்விட்ச் போர்ட்டின் பயன்பாட்டு எண்ணை விட்டுவிட்டு, அதில் கைவிடப்பட்ட பாக்கெட்டுகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். ஏறியிருந்தால், கோரிக்கைகளை ஓரிரு மில்லிவினாடி தள்ளித் தள்ளி அனுப்பிப் பாருங்கள்; செலவில்லாத சோதனை இது. ஸ்விட்சை மாற்றுவதும் அதன் வரிசை அமைப்புகளில் கை வைப்பதும் வலையமைப்புப் பொறியாளரின் வேலை.

அறிகுறி 5: நிஜம் மாதிரியைவிட நன்றாக இருக்கிறது

இதற்கு யாரும் புகார் கொண்டு வருவதில்லை. ஆனால் இதுவும் பிழைதான், இதை நம்பி வாங்கிய சர்வர்கள் சும்மா கிடக்கும். மூன்று காரணங்களையே திரும்பத் திரும்பக் காண்கிறேன். காத்திருந்த நேரத்தையும் சேர்த்து அளந்துவிட்டு அதையே சேவை நேரமாகப் போட்டிருப்பார்கள். மாதிரி அதன்மேல் இன்னொரு முறை காத்திருப்பைக் கூட்டும். அல்லது இணையாகப் போகும் அழைப்புகளை வரிசையாகக் கூட்டியிருப்பார்கள். அதுவும் இல்லையென்றால், பயனர் எண்ணிக்கை நிலையான அமைப்புக்கு, வெளியிலிருந்து முடிவின்றிக் கோரிக்கைகள் வரும் மாதிரியைப் பொருத்தியிருப்பார்கள். ஐம்பது பேர் மட்டும் பயன்படுத்தும் அமைப்பில் வரிசை ஒருபோதும் ஐம்பதைத் தாண்டாது. சர்வர் மெதுவானால் வரத்தும் தானாகக் குறையும்.

அறிகுறி 6: சிமுலேஷன் ஒவ்வொரு முறையும் வேறு விடை தருகிறது, அல்லது எப்போதும் ஒரே விடை தருகிறது

இரண்டாவதே அதிகம் ஏமாற்றும். வலையமைப்புச் சிமுலேஷன் மென்பொருளான என்எஸ்-3 இயல்பாக நிலையான தொடக்க விதையுடன் (தற்செயல் எண்கள் தொடங்கும் எண்) ஓடுவதால், பத்துத் தடவை ஓட்டினாலும் எண் பிசகாமல் அதே விடை வரும். அது உறுதியன்று, ஒரே ஓட்டத்தைப் பத்துத் தடவை பார்த்தது மட்டுமே. ஓட்ட எண்ணை மாற்றி மாற்றி ஓட்டி, விடைகளின் பரவலைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

விடை வேறுபட்டால், வெற்று வரிசையில் தொடங்கிய ஆரம்பப் பகுதியை வெட்டிவிட்டீர்களா என்று பாருங்கள்; பிறகு ஓட்டத்தை நான்கு மடங்கு நீட்டிப் பாருங்கள். அப்போதும் அடங்காவிட்டால் கோப்பு அளவு போன்ற உள்ளீடு ஒன்று கனத்த வாலுடைய பரவலாக, அதாவது மிகப் பெரிய மதிப்புகளும் அவ்வப்போது வரும் பரவலாக இருக்கக்கூடும். அத்தகைய ஒன்றான பரேட்டோ பரவலின் வடிவ எண் 2 அல்லது அதற்குக் கீழே இருந்தால் மாறுபாடு முடிவிலியாகிவிடும். எவ்வளவு நீட்டினாலும் சராசரி எளிதில் நிலைக்காது. நிஜத்தில் இருக்கும் மிகப் பெரிய கோப்பின் அளவில் பரவலை வெட்டிவிடுங்கள்.

அறிகுறி 7: சில பாக்கெட்டுகள் புறப்படும் முன்பே வந்து சேர்ந்ததாகப் பதிவு சொல்கிறது

இரண்டு இயந்திரங்களின் கடிகாரங்கள் ஒத்துப்போகவில்லை. எதிர்மறை எண்களை மட்டும் நீக்கிவிட்டு மீதியை வைத்துக்கொள்ளாதீர்கள். மீதியும் அதே அளவுக்குத் தவறானதே. ஒரே இயந்திரத்தின் கடிகாரத்தில் போய்வரும் நேரத்தை அளந்து மாதிரிக்குக் கொடுங்கள். ஒரு வழி நேரமே வேண்டுமென்றால், கடிகாரங்களைத் துல்லியமாக ஒத்திசைக்கும் பிடிபி நெறிமுறையும் அதைத் தாங்கும் வன்பொருளும் தேவை.

அறிகுறி 8: சுமை தணிந்த பிறகும் அமைப்பு எழுந்திருக்கவில்லை

மறுமுயற்சிகளை எண்ணுங்கள். மூன்று அடுக்குகள் ஒவ்வொன்றும் தனக்குக் கீழுள்ளதை மூன்று தடவை முயன்றால், பயனரின் ஒரு கோரிக்கை அவற்றுக்கும் கீழேயுள்ள கடைசி அடுக்கில் 27 ஆகலாம். கடைசி அடுக்குக்கு வந்த கோரிக்கைகளை முதல் அடுக்குக்கு வந்தவற்றால் வகுத்து, நல்ல நாளின் விகிதத்தோடு ஒப்பிடுங்கள். விகிதம் பெருகியிருந்தால், மறுமுயற்சியை ஒரே அடுக்கில் மட்டும் வைத்து, இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகும்படியும் அதில் சற்றுத் தற்செயலைக் கலக்கும்படியும் மாற்றுங்கள்.

விகிதம் மாறாமலேயே அமைப்பு விழுந்து கிடந்தால், நிலைத்த நிலையைக் கணக்கிடும் வரிசை மாதிரியால் இதைப் பிடிக்க முடியாது. பயனர்கள் நிஜமாகப் பயன்படுத்தும் உற்பத்திச் சூழலில் சோதித்துப் பார்க்காமல் நிபுணரை அழையுங்கள்.

அழைக்கும்போது சராசரிகளின் அட்டவணையை அனுப்ப வேண்டாம். மாதிரியின் உள்ளீடுகள், ஒவ்வோர் உள்ளீட்டையும் எங்கே எப்போது எந்தச் சுமையில் அளந்தீர்கள் என்ற குறிப்பு, மறுமொழி நேரங்களின் முழு ஹிஸ்டோகிராம், பிழை தெரிந்த அதே நேரத்தில் இரு முனைகளிலும் எடுத்த பாக்கெட் பதிவு ஆகியவற்றை அனுப்புங்கள். ஒரு முனையில் மட்டும் எடுத்த பதிவில், பாக்கெட் வழியில் தொலைந்ததா, மறுமுனையில் வந்தும் ஏற்கப்படாமல் போனதா என்று பிரித்தறிய முடியாது. மறுமுனைப் பதிவைக் கேட்டே அவருடைய முதல் மடல் உங்களுக்குத் திரும்பி வரும்.